வட கரோலினாவில் வாங்கிய வீட்டின் கிரால் ஸ்பேஸில் (தரைக்கு அடியில் தவழ்ந்து போகும் உயரத்துக்கு விட்ட இடம்) ஈரம் அதிகம் என்கிறார்கள். விசிறி வைப்பதா, முழுதாக மூடுவதா?

ராலே பக்கம் 1990களில் கட்டிய வீடு. இன்ஸ்பெக்டர் கீழே தவழ்ந்து போய்ப் பார்த்து, தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரங்களில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது, இன்சுலேஷன் பஞ்சு கழன்று தொங்குகிறது என்று எழுதியிருக்கிறார். ஒரு கம்பெனி வென்ட்களில், அதாவது அஸ்திவாரச் சுவரின் காற்றுத் திறப்புகளில், விசிறி மாட்டச் சொல்கிறது. இன்னொன்று எல்லாவற்றையும் மூடி, காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபையர் மெஷினை வைக்கச் சொல்லிப் பல மடங்கு விலை கேட்கிறது. உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது.

விசிறி வேண்டாம். இந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு மூடுவதுதான் பொருந்தும். ஆனால் இரண்டு கம்பெனிகளுமே வீட்டைச் சுற்றி வந்து மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நானும் இதே பகுதியில், இதே மாதிரி வீட்டில்தான் குடியிருக்கிறேன். நண்பர்கள் பலர் வீட்டிலும் கீழே இறங்கிப் பார்த்திருக்கிறேன். வெளியே தண்ணீரைத் திருப்பாமல் உள்ளே ஆயிரக்கணக்கில் செலவழித்த குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காற்று விஷயம். ஈரவாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிடு, காய்ந்துவிடும் என்பது நாம் வளர்ந்த பழக்கம். இங்கே வீடு கட்டியவர்களும் பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 150 சதுர அடி தரைக்கு 1 சதுர அடி வென்ட் என்பது கட்டட விதியிலேயே இருக்கிறது. அஸ்திவாரச் சுவரில் வரிசையாகத் தெரியும் அந்தச் சிறு கம்பிவலை ஜன்னல்கள் அதற்காகத்தான். ஆனால் ஜூலை மாதத்தில் வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் டியூ பாயின்ட், அதாவது ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை, 74 டிகிரி. கீழே மண்ணும், மேலே ஏசி ஓடும் அறைகளின் தரையும் சேர்ந்து கிரால் ஸ்பேஸை எழுபது சொச்சம் டிகிரியில் வைத்திருக்கும். வெளிக்காற்று உள்ளே வந்து 75 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே அதன் ஈரப்பதம் 97 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். ஏசி காற்று போகும் டக்ட்டின் வெளிப்புறம் அதைவிடக் குளிர்ச்சி. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வேர்ப்பதைப் போல அதில் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டும். இந்த நிலையில் விசிறி வைத்தால், ஈரக் காற்றை இன்னும் வேகமாக உள்ளே இழுத்துவிடுகிறோம். ஏசி பரவலாகும் முன் வீட்டின் தரை இவ்வளவு குளிராது, அதனால் அன்றைக்கு வென்ட் இந்த அளவுக்குக் கெடுதல் செய்யவில்லை.

இது வெறும் ஊகமில்லை. ராலேயில் உள்ள அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் இதே மாநிலத்தின் பிரின்ஸ்வில் ஊரில் ஒரே மாதிரியான 12 வீடுகளை எடுத்துக்கொண்டு அளந்து பார்த்தது. சில வீடுகளில் வென்ட்கள் திறந்தே இருந்தன, மற்றவற்றில் மூடிச் சீல் செய்தார்கள். வென்ட் திறந்த வீடுகளிலும் மண்மேல் பிளாஸ்டிக் விரித்துத்தான் இருந்தது. அப்படியும் கோடையில் அங்கே ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றது. மூடிய வீடுகள் நன்றாகக் காய்ந்திருந்தன. ஏசி, ஹீட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஆற்றல் செலவும் சராசரியாக 15 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தது. வட கரோலினாவின் கட்டட விதியிலும் இன்று மூடிய கிரால் ஸ்பேஸுக்குத் தனிப் பகுதி உண்டு. நெவாடா, அரிசோனா போன்ற வறண்ட ஊர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இணையத்தில் படிக்கும்போது எழுதியவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். ஓர் அங்குல மழை 1,000 சதுர அடிக் கூரையில் விழுந்தால் கிட்டத்தட்ட 2,360 லிட்டர் தண்ணீர். அது முழுவதும் கூரையோரக் கால்வாயான கட்டரிலிருந்து இறங்கும் நான்கைந்து டவுன்ஸ்பவுட் குழாய்கள் வழியாகச் சுவரின் காலடியில் கொட்டினால், எந்த பிளாஸ்டிக்கும் எந்த மெஷினும் உங்களைக் காப்பாற்றாது. நம் பகுதி மண் சிவப்புக் களிமண். தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும், உறிஞ்சியதை எளிதில் விடவும் செய்யாது. அடுத்த பலத்த மழையில் குடையோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். கட்டர் எங்கே நிரம்பி வழிகிறது, எந்த மூலையில் குட்டை கட்டுகிறது, பூச்செடிப் பாத்தியில் பரப்பிய மரச்சீவல் (மல்ச்) தண்ணீரைச் சுவரோரம் தேக்குகிறதா என்று பாருங்கள். சுவரை ஒட்டிய மண்ணுக்கு வெளிப்பக்கமாக வாட்டம் இருக்க வேண்டும். முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறங்க வேண்டும் என்பது விதி. முப்பது வருட வீட்டில் அஸ்திவாரத்தை ஒட்டி நிரப்பிய மண் அமுங்கி, வாட்டம் உள்பக்கமாகத் திரும்பியிருப்பது சகஜம். நல்ல களிமண் போட்டுத் திமிசு அடித்து உயர்த்தலாம். ஆனால் மரச்சட்டம், சுவரின் வெளிப்பூச்சான சைடிங் வரை மண்ணை ஏற்றிவிடாதீர்கள், கரையானுக்குப் பாதை போட்டதாகிவிடும். டவுன்ஸ்பவுட்டை நெளிகுழாய் மாட்டிப் பத்தடி தள்ளி விடுங்கள். ஸ்ப்ரிங்க்ளர் சுவரில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் சேர்ந்தே சில நூறு டாலரில் முடியக்கூடிய வேலை. பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இதோடு தீர்ந்திருக்கிறது.

வீட்டுக்குள்ளிருந்தே கீழே போகும் ஈரமும் உண்டு. துணி காயவைக்கும் டிரையரின் குழாய் கழன்று கிரால் ஸ்பேஸுக்குள்ளேயே ஊதிக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏசியில் சேரும் நீரை வெளியேற்றும் கண்டன்சேட் குழாய் கீழே மண்ணில் சொட்டலாம். குளியலறைக்கு அடியில் கழிவுக் குழாய் கசியலாம். டார்ச்சோடு போய் இவை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். போகும்போது முழுக்கை உடை, என்95 மாஸ்க், கையுறை கட்டாயம். பிளாக் விடோ சிலந்தியும் காப்பர்ஹெட் பாம்பும் இந்த மாநிலத்தில் இருப்பவை, இருட்டான மூலையில் கையை விடாதீர்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் அதன்மேல் தவழக்கூடாது. மின்கம்பி தொங்கலாம், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் ஆன பிறகுதான் மண்ணை மூடும் ஷீட். வெறும் மண் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியிலிருந்து ஆவி ஏறிக்கொண்டே இருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டு பிளாஸ்டிக்கை மண்ணில் விரித்து ஓரங்களில் கல் வைத்துவிட்டு மறுநாள் புரட்டிப் பாருங்கள், அடியில் ஈரம் கோத்திருக்கும். 6 மில் பாலிஎத்திலீன்தான் வழக்கமான அளவு, சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமன். ஆவியைத் தடுப்பதற்கு அது போதும். ஆனால் பின்னால் பிளம்பர், ஏசிக்காரர், பூச்சிமருந்துக்காரர் எல்லாரும் அதன்மேல்தான் முழங்காலும் முழங்கையும் ஊன்றித் தவழ்வார்கள். அதனால் உள்ளே நூல்வலை வைத்த 10 அல்லது 12 மில் ஷீட் வாங்கச் சொல்வேன். 20 மில் என்று விலையேற்றிச் சொன்னால் அதற்கு மயங்க வேண்டாம். ஷீட்டின் தடிமனைவிட இணைப்பில் செய்யும் வேலைதான் பெரிது. ஒரு ஷீட் இன்னொன்றின்மேல் குறைந்தது 6 அங்குலம் ஏறி, அதற்கென்றே உள்ள டேப்பால் ஒட்டப்பட வேண்டும். தூண்களைச் சுற்றி வெட்டிய இடமெல்லாம் ஒட்ட வேண்டும். ஓரங்கள் சுவரில் குறைந்தது 6 அங்குலம் ஏறி, மாஸ்டிக் என்ற பசை தடவி, பட்டையால் இறுக்கப்பட வேண்டும். டேப் மட்டும் சுவரில் ஒட்டி நிற்காது, ஒரு வருடத்தில் உரிந்து வந்துவிடும். விரிப்பதற்கு முன் பழைய மரத்துண்டு, அட்டை, கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஈர மரத்துண்டு கரையானுக்கு விருந்து. மழை பலமானால் தண்ணீர் ஊறி வரும் வீடாக இருந்தால், ஷீட்டுக்கு அடியில் வடிகாலும் தாழ்ந்த மூலையில் தேங்கும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப்பும் முதலில் அமைய வேண்டும்.

ஷீட் முடிந்ததும் வென்ட்களை மூடலாம். வென்ட்டோடு சேர்த்து உள்ளே நுழையும் குழாய் ஓட்டைகள், கதவின் ஓரம் எல்லாம் காற்றுப் புகாமல் அடைபட வேண்டும். பாதியாக மூடுவது ஆபத்து, வெளி ஈரம் வரும், வெளியேற வழி குறையும். மூடிய இடத்துக்கு உலர்த்தும் ஏற்பாடு ஒன்றும் தேவை. டிஹ்யூமிடிஃபையர் வைக்கலாம், அல்லது ஏசி டக்ட்டிலிருந்து கொஞ்சம் காற்றை அங்கே விடலாம். டக்ட் வழி மலிவு. ஆனால் ஏசி அதிகம் ஓடாத வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அது கைவிட்டுவிடும். அதனால் டிஹ்யூமிடிஃபையரைத்தான் நான் விரும்புவேன். 50 முதல் 55 விழுக்காட்டில் வைத்தால் போதும். அதன் தண்ணீர் குழாய் வழியாகத் தானே வெளியே போகட்டும், வாளி வைக்கும் வேலை கீழே நடக்காது. கொள்ளளவைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். ஒரு நாளில் எத்தனை பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு) நீர் இழுக்கும் என்பதுதான் அந்த எண். 2019இல் அதை அளக்கும் அரசுச் சோதனையின் வெப்பநிலையை 80 டிகிரியிலிருந்து 65ஆகக் குறைத்தார்கள். அதனால் முன்பு 70 பைன்ட் என்று விற்ற வீட்டு மாடலுக்கு ஈடானது இன்று 50 பைன்ட் என்று வருகிறது. பழையதையும் புதியதையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

மூடுவதற்கு முன் சில விஷயங்களைத் தவறாமல் பாருங்கள். இவற்றில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டைச் சூடாக்கும் உங்கள் காஸ் ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ கிரால் ஸ்பேஸில் இருந்து, எரிவதற்கு அங்குள்ள காற்றையே எடுத்துக்கொள்ளும் வகையாக இருந்தால், மூடவே கூடாது. காற்றுப் பற்றாக்குறையில் கார்பன் மோனாக்சைடு உண்டாகி வீட்டுக்குள் ஏறும். வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்றெடுக்கும் வகைக்கு மாற்றிய பிறகே மூட வேண்டும். மேலே கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கட்டும். அடுத்தது ரேடான், மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு. மூடுவதற்கு முன்னும் பின்னும் சோதியுங்கள், காற்றில் லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு மேல் வந்தால் ஷீட்டுக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் போடலாம். கரையான் பார்க்க வருபவருக்காகச் சுவரின் மேற்பகுதியில், மரச்சட்டத்துக்குக் கீழே, 3 அங்குலம் வெறும் சுவராக விட வேண்டும். வீடு வெள்ள மண்டலத்தில் இருந்தால் வெள்ள நீர் நுழைந்து வெளியேற விட்ட திறப்புகளை அடைக்கவே முடியாது, 1 சதுர அடி தரைக்கு 1 சதுர அங்குலம் என்ற கணக்கில் அவை இருந்தாக வேண்டும். முன்பு சொன்ன பிரின்ஸ்வில் 1999இல் ஃபிளாய்ட் புயலிலும் 2016இல் மேத்யூ புயலிலும் மூழ்கிய ஊர். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொங்கும் பஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நனைந்து பூஞ்சை பிடித்ததை எடுத்தெறியுங்கள், மறுபடி குத்திச் செருகிப் பயனில்லை. மூடிய பிறகு இன்சுலேஷனைத் தரைக்கு அடியிலேயே போடலாம், சுவரிலும் போடலாம், இரண்டும் வேலை செய்யும். ஜாயிஸ்டில் வெள்ளையாகப் படர்ந்த பூஞ்சையைத் துடைத்து, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெபா வேக்குவமால் உறிஞ்சினால் போதும். ஆனால் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் மரம் மெத்தென்று உள்வாங்கினால் அது உளுத்துப்போன மரம், ஷீட் விரிக்கும் முன் மாற்ற வேண்டியது.

விலையைப் பொறுத்தவரை, முழு வேலை சில ஆயிரம் டாலரில் தொடங்கிப் பதினைந்தாயிரத்தைத் தாண்டியும் போகும். தரையின் பரப்பு, தவழும் உயரம், வடிகால் தேவையா என்பதைப் பொறுத்தது. கொட்டேஷனில் "என்காப்சுலேஷன்" (முழுதாக மூடுவது) என்று ஒரே வரி எழுதித் தருபவரிடம் பேச்சை நிறுத்திவிடலாம். ஷீட்டின் மில், சுவரில் ஏறும் உயரம், எதனால் ஒட்டுவார்கள், டிஹ்யூமிடிஃபையர் மாடல், தண்ணீர் எங்கே போகும், பெர்மிட் யார் எடுப்பது என்று வரி வரியாகக் கேளுங்கள். வேலை முடிந்த பிறகும் அளந்துகொண்டே இருங்கள். கீழே ஒரு ஒயர்லெஸ் ஈரப்பத மீட்டர், கையில் முள் வைத்த மரஈர மீட்டர், இரண்டும் சேர்த்தே நூறு டாலர்கூட ஆகாது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழேயும் மரத்தின் ஈரம் பதினைந்தைச் சுற்றியும் வந்தால் நல்லது.

கடைசியாக, மேலே ஹாலில் ஹார்டுவுட் பலகைகளின் ஓரம் எழும்பி நடு குழிந்திருக்கிறது என்றும், அதை உடனே இழைத்து பாலிஷ் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அடிப்பக்கம் ஈரத்தில் விரிந்ததால் வந்த வளைவு அது. இப்போது ஓரங்களை இழைத்துவிட்டால், கீழே காய்ந்து பலகை நேராகும்போது நடு மேடாகி நிற்கும். கிரால் ஸ்பேஸ் வேலையை முடித்துவிட்டு, ஒரு முழுக் கோடையும் ஒரு குளிர்காலமும் போகட்டும். மீட்டரில் பலகையின் ஈரம் ஒரே அளவில் நின்ற பிறகு தரைக்காரரைக் கூப்பிடுங்கள். பல பலகைகள் அதற்குள் தானாகவே படிந்திருக்கும்.