தினமும் நாலு மணி நேரம் படித்தும் அரியர் ஏன்?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் பிரிவில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 528. ஆனால் முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் அரியர். கல்லூரியில் போடும் இன்டர்னல் மதிப்பெண், கணிதத்தில் 40-க்கு 24, இயற்பியலில் 27. ஹாஸ்டலில் தினமும் நாலு மணி நேரம் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வு அறையில் உட்கார்ந்தால் எழுத வரவில்லை. டைம்டேபிள் போட்டால் மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. ஆங்கிலத்தில் வேகமாக நடத்துவது பாதிதான் பிடிபடுகிறது. இரண்டாவது செமஸ்டர் தொடங்கிவிட்டது. பழையதையும் புதியதையும் சேர்த்து எப்படிச் சமாளிப்பது? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

படிக்கும்போது புரிகிறது, எழுத வரவில்லை என்கிறீர்கள். உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. பிளஸ் டூவில் தினம் ஒரு சின்னத் தேர்வு, வாரம் ஒரு தேர்வு, பிறகு திருப்புதல் தேர்வுகள் என்று ஆசிரியர்கள் உங்களை எழுத வைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த 528-ல் பெரும்பங்கு அப்படி எழுதியதால் வந்தது. கல்லூரியில் செமஸ்டருக்கு இரண்டு மூன்று இன்டர்னல் தேர்வுகளோடு சரி. எழுதிப் பார்ப்பது நின்றுபோய், வாசிப்பது மட்டும் நாலு மணி நேரமாக வளர்ந்திருக்கிறது. உங்கள் மூளைக்கும் தமிழ்வழிக் கல்விக்கும் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே பகுதியை ஒரு பிரிவினர் இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: வாசித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. மறுபடி வாசிக்கும்போது வரும் ‘தெரியும்’ என்ற உணர்வு அந்த ஐந்து நிமிடத்துக்கு உண்மைதான். தேர்வு வரை அது தாங்குவதில்லை.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடுவோம், பயம் பாதி குறையும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் சேர்ந்தவர்களுக்கு, எழுத்துத் தேர்வுத் தாள்களில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. 100 மதிப்பெண்ணுக்கு எழுதுவதை 60-க்குக் குறைப்பார்கள். தேறுவதற்கு மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் தனியாகக் குறைந்தது 45 சதவீதமும் வேண்டும். 60-ல் அது 27. உங்கள் இன்டர்னல் 24-ம் 27-ம் என்பதால் இரண்டு பாடத்திலும் விடைத்தாளில் 100-க்கு 45 வாங்கினாலே மொத்தம் 50-ஐத் தாண்டிவிடும். அடுத்த முறை எழுதும்போதும் இந்த இன்டர்னல் உங்களோடு வரும். ஆனால் குறியை 100-க்கு 60-ல் வையுங்கள். 45-ஐக் குறிவைத்து எழுதினால் ஒரே ஒரு கூட்டல் பிழை கவிழ்த்துவிடும்.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் தேதி முடியவில்லை என்றால் இன்றே விண்ணப்பியுங்கள். மறுமதிப்பீட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எந்த யூனிட்டில் எழுதவே இல்லை, எதில் பாதியில் நின்றது, எதில் கணக்குப் பிழை என்று மூன்று நிறத்தில் குறித்துப் பாருங்கள். இனி எங்கே நேரம் செலவிட வேண்டும் என்பதை அந்த நகலைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது.

கணிதத் தாளில் ஐந்து யூனிட். ஒவ்வொன்றிலும் இரண்டு டூ மார்க், ஒரு 16 மார்க், ஆக 20. 16 மார்க்கில் இரண்டு கேள்வி கொடுத்து ஒன்றை எழுதச் சொல்வார்கள். மூன்று யூனிட்டை முழுதாகப் பிடித்தால் 60. அணிகளில் தொடங்குங்கள். ஐகன் மதிப்பு, கேலி–ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவத்தை நியம வடிவத்துக்கு மாற்றுவது எல்லாம் நீளமானவை, ஆனால் படிகள் மாறாதவை. இங்கே பெரும்பாலோர் வீழ்வது சிறப்பியல்புச் சமன்பாட்டில் செய்யும் ஒரு குறிப் பிழையால். அதற்குப் பிறகு மூன்று பக்கம் எழுதினாலும் விடை தவறாகவே வரும். ஐகன் மதிப்புகள் கிடைத்ததும் நின்று இரண்டு சோதனை செய்யுங்கள். அவற்றின் கூட்டல், அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமாக இருக்க வேண்டும். பெருக்கல், அணிக்கோவையின் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை இது, 16 மதிப்பெண்ணைக் காப்பாற்றும். அடுத்து பல மாறிச் சார்புகள்: ஆய்லர் தேற்றம், ஜேக்கோபியன், டெய்லர் தொடர், லக்ராஞ்சியின் பெருக்கி முறை. மூன்றாவதாக நுண்கணிதம், வகையீடா தொகையீடா என்பதைப் பிளஸ் டூவில் எது கைவந்ததோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரட்டைத் தொகையீட்டில் தொகையிடும் வரிசையை மாற்றச் சொன்னால், பகுதியை வரைந்து பார்க்காமல் எல்லைகளை எழுதவே எழுதாதீர்கள். விட்டுவைக்கும் யூனிட்டுகளிலும் டூ மார்க்கை விட வேண்டாம்.

தீர்த்த கணக்கை வாசிப்பது கணிதம் படிப்பதாகாது. ஒரு மாதிரிக் கணக்கை ஒருமுறை படிபடியாகப் பின்தொடருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு அதையே போடுங்கள். நின்ற இடத்தில் கோடு போட்டு, அந்த ஒரு படியை மட்டும் திறந்து பார்த்து மூடிவிட்டுத் தொடருங்கள். அடுத்த நாள் எண்களை மாற்றி ஒன்று. ஒரு வாரம் கழித்து, மூன்று யூனிட் கணக்குகளையும் கலந்து, யூனிட் பெயரை மறைத்துப் போடுங்கள். தேர்வில் ‘இது எந்த முறைக் கணக்கு’ என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. ஒரே வகைக் கணக்கை வரிசையாக இருபது போட்டால் அந்தப் பயிற்சி கிடைக்காமலே போய்விடும்.

இயற்பியலில் 10 டூ மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். பெரிய விடைகளுக்குப் படிக்குப் படி மதிப்பெண் உண்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எலும்புக்கூடு தயார் செய்யுங்கள். பெட்டிக்குள் துகள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் படம், உள்ளேயும் வெளியேயும் நிலையாற்றல், ஷ்ரோடிங்கர் சமன்பாடு, இரு சுவர்களிலும் எல்லை நிபந்தனை, சைன் வடிவத் தீர்வு, ஆற்றல் மட்டங்களுக்கான சமன்பாடு, மாறிலியைக் கண்டுபிடிப்பது, கடைசியாக மூன்று மட்டங்களின் வரைபடம். இந்த எட்டுத் தலைப்பும் ஒரு சிறிய அட்டையில் அடங்கும். அட்டையைப் பார்க்காமல் எட்டையும் வரிசையாகச் சொல்ல வந்த பிறகுதான் முழு விடையை எழுதிப் பாருங்கள். மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: டூ மார்க்குகளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 23, 15 மார்க்குக்கு 25, மீதி 15 நிமிடம் சரிபார்க்க. முதல் பெரிய விடைக்கு நாற்பது நிமிடம் கொடுத்துவிட்டுக் கடைசி விடையை அரைப்பக்கத்தில் முடிப்பது தோல்விக்கு மிகச் சாதாரணமான காரணம்.

டைம்டேபிள் நிற்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல. மணிக்கு மணி நிரப்பிய அட்டவணையில் ஒருநாள் ரெக்கார்டு எழுத வேண்டி வந்தால் எல்லாம் சரிந்துவிடும், பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவே மனம் வராது. நாலு மணி நேரத்தை இரண்டாகக் குறையுங்கள். வார நாள்களில் முதல் அரை மணியில் அன்றைய வகுப்புகளை நோட்டைத் திறக்காமல் வெள்ளைத் தாளில் எழுதுங்கள், பாடத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு நோட்டைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பில் சேருங்கள். அடுத்த 50 நிமிடம் அரியர்: திங்கள், புதன், வெள்ளி கணிதம்; செவ்வாய், வியாழன் இயற்பியல். பத்து நிமிடம் எழுந்து நடங்கள். கடைசி அரை மணியில் பாதி பழைய சிவப்புக் குறிப்புகளுக்கு, பாதி மறுநாள் பாடத்துக்கு. சிவப்பில் எழுதியதை இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் மறுபடி எழுதிப் பார்க்க ஓரத்தில் தேதி போட்டு வையுங்கள். சனிக்கிழமை மூன்று மணி நேரம் இந்த செமஸ்டரின் கணக்குப் பாடத்துக்கும் எஞ்சினியரிங் கிராபிக்ஸுக்கும். கிராபிக்ஸ் கையால் வரைந்தால் மட்டுமே வரும் பாடம். புத்தகத்தில் பார்த்துப் புரிந்துகொண்டதாக நினைத்து ஏமாறாதீர்கள். ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் கடிகாரம் வைத்து பழைய கேள்வித்தாளில் பாதி எழுதுங்கள், அரை மணி திருத்துங்கள். ஞாயிறு மாலையைக் காலியாக விடுங்கள். வாரத்தில் தவறியவை அங்கே போய்ச் சேரும். எதுவும் தவறவில்லை என்றால் அது உங்கள் ஓய்வு. லேப் ரெக்கார்டை மட்டும் சோதனை செய்த அன்றே முடித்துவிடுங்கள். ஐந்து ரெக்கார்டு சேர்ந்தால் ஒரு வாரத்தை விழுங்கும்.

ஆங்கிலம் பற்றி. மறுநாள் பாடத்துக்கு ஒதுக்கிய அந்தக் கால் மணி நேரம் இதற்குத்தான். சிலபஸில் நாளை வரப்போகும் தலைப்பைப் பார்த்து எட்டு முதல் பத்துக் கலைச்சொற்களை எடுங்கள். எதிரே தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். சொற்கள் முன்பே பழகிவிட்டால் வகுப்பில் வேகம் அவ்வளவு உறுத்தாது. பாடத்தைத் தமிழில் புரிந்துகொள்வதில் தயக்கமே வேண்டாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) இ-கும்ப் இணையதளத்தில் தொழில்நுட்பப் பாடநூல்கள் தமிழில் இருக்கின்றன, ஐ.ஐ.டி.கள் இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றுக்கும் தமிழாக்கம் உண்டு. ஆனால் எழுதிப் பார்ப்பது தேர்வு மொழியிலேயே இருக்கட்டும். இயற்பியல் விடைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் முப்பதுக்குள் அடங்கும். அவற்றைத் தனித்தாளில் சேர்த்துப் பழகுங்கள்.

தேர்வு நெருங்கும்போது வாட்ஸ்அப் குழுக்களில் ‘முக்கியக் கேள்விகள்’ பட்டியல் சுற்றும். அதில் தொடங்காதீர்கள். கடைசி ஐந்து தேர்வுகளின் கேள்வித்தாள்களை எடுத்து, யூனிட் வாரியாக எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு மாலை வேலை, அதைச் செய்யும்போதே பாதி சிலபஸ் மனதில் பதியும்.

நாலு வாரம் இப்படிச் செய்த பிறகும் ஒரு யூனிட்டில் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தால் அந்தப் பாட ஆசிரியரிடம் போங்கள். ‘கணக்கு புரியவில்லை சார்’ என்று சொன்னால் அவரால் அதிகம் உதவ முடியாது. நீங்கள் போட்ட கணக்கைக் கொண்டுபோய், ‘இந்தப் படிக்கு அப்புறம் எனக்குப் போகத் தெரியவில்லை’ என்று விரலை வைத்துக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் தீரும்.

அம்மாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அரியர் தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்தில் எப்படியும் தெரியவரும், அப்போது மறைத்ததுதான் அவருக்கு அதிகம் வலிக்கும். அரியர் என்றால் ஒரு வருஷம் போய்விட்டது என்று அவர் நினைக்கக்கூடும். அப்படியில்லை, இரண்டாவது செமஸ்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், இந்த இரண்டு தாளை மட்டும் செமஸ்டர் முடிவில் மறுபடி எழுத வேண்டும், தேற 100-க்கு 45 போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஞாயிறுதோறும் எழுதும் பாதித் தாளில் எவ்வளவு வந்தது என்பதை அன்று மாலை போனில் அவரிடம் சொல்லும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.