நாளைக்கு யார் வருகிறார்கள்? காலை உரையாடல் பற்றிக் கேள்வி பதில்

சமுதாய வானொலி ஒன்றில், அதாவது ஒரு வட்டார மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடக்கும் சிறு நிலையத்தில், தினசரி காலை உரையாடலுக்குத் தலைப்பும் விருந்தினரும் பிடிப்பது என் வேலை. கேளுங்கள் என்றேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். வந்த வரிசையில் பதில்.

கே: ஒரு வாரத்துத் தலைப்புகளை எப்படி முடிவு செய்வீர்கள்?

பாதியைப் பருவமே முடிவு செய்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கடற்கரை ஊர்களில் நிவாரணத் தொகை, வலை பழுது, வட்டிக் கடன் என்று பேச்சு தானாக வரும். மே மாதம் பிளஸ் டூ முடிவு, கல்லூரிச் சேர்க்கை. அக்டோபரில் மழை, பின்னாலேயே டெங்கு.

தடுமாறுவது ‘தினங்களை’ நம்பும்போதுதான். நவம்பர் 14 உலக நீரிழிவு தினம் என்று நாட்காட்டியில் பார்த்து டாக்டரைத் தேடுவீர்கள். அதே டாக்டரை அன்றைக்கு ஊரில் நாலு பேர் கூப்பிட்டிருப்பார்கள். அவரும் நடங்கள், அரிசியைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்கிறவர் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பார். ‘நீரிழிவு’ ஒரு தலைப்பே இல்லை. ‘ரேஷன் அரிசிதான் சாப்பாடு என்கிற வீட்டில் சர்க்கரைக்காரர் என்ன சாப்பிடுவது?’ என்று கேட்டால் அது தலைப்பு. கேள்வி இப்படிக் கூர்மையாக வந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரிந்துவிடும். ஒரு உணவியல் நிபுணர், கூடவே வருஷக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டு அந்த அரிசியிலேயே சமைக்கிற ஒரு அம்மா.

என் பழைய பல்லவி இதுதான்: கேள்வியை முதலில் பிடியுங்கள், ஆள் அப்புறம்.

கே: நான் கவிதை எழுதுவேன். உங்கள் நிகழ்ச்சிக்கு வரலாமா?

வரலாம். எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்று ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். பயோடேட்டா வேண்டாம்.

கே: அடுத்த வார விருந்தினர் பெயர்களை ஏன் முன்கூட்டியே அறிவிப்பதில்லை?

அவர்கள் வராமல் போவதால். அவசர ஆபரேஷன், கலெக்டர் ஆபீஸ் மீட்டிங், உறவில் துக்கம், எல்லாமே நியாயமான காரணம்தான். ஆனால் மூன்று நாளாகப் பெயரைச் சொல்லிச் சொல்லி நேயரைக் காத்திருக்க வைத்துவிட்டு, நேரலையில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று இழுத்தால் அடுத்த அறிவிப்பை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். கேள்வியை அறிவித்துவிட்டால் பதில் சொல்ல இன்னொருவரைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு தலைப்புக்கும் மாற்று ஆள் ஒருவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

கே: பேசத் தெரியாதவர்களை எப்படிப் பேச வைப்பது?

பேசத் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. பழக்கமில்லாத அறையில் உட்கார்ந்திருப்பவர், அவ்வளவுதான். சுயஉதவிக் குழுவிலிருந்து கருவாடு வியாபாரம் செய்யும் ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், கை அசைக்கும்போதெல்லாம் மைக்கில் சலசலப்பு. கழற்றச் சொல்ல மனமில்லை, கைக்குட்டையால் சுற்றிக் கட்டினோம். அவ்வளவுதான், கை நின்றது, பேச்சும் நின்றது. கட்டை அவிழ்த்து, ஒரு நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, “இது சரியாக் காயல தம்பி” என்று ஆரம்பித்தவர், உப்பு எவ்வளவு, எத்தனை வெயில், மழை மோடத்தில் என்ன செய்வது என்று முழு நேரமும் பேசினார். வளையல் சத்தமும் ஒலிபரப்பில் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

இன்னொன்று. மைக் போடுவதற்கு முன் விருந்தினரை விஷயம் பேச விடாதீர்கள். நல்ல கதை டீயோடு தீர்ந்துவிடும்.

கே: சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் வைத்தியர் ஒருவர் வரத் தயாராக இருக்கிறார்...

வேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-இலேயே சட்டம் வந்துவிட்டது, அதன் பட்டியலில் நீரிழிவும் உண்டு. பேட்டி என்று பெயர் வைத்துவிட்டால் விளம்பரம் விளம்பரமாக இல்லாமல் போய்விடாது. நிஜ டாக்டர் வந்தாலும் கிளினிக் முகவரியை ஒலிபரப்பில் சொல்ல விடாதீர்கள்.

கே: நான் யோகா ஆசிரியர். எப்படி வருவது?

கவிஞருக்குச் சொன்ன பதில்தான்.

கே: எங்கள் வார்டில் தண்ணீர் வந்து ஒன்பது நாள். இதைப் பேசாமல் கருவாடு பேசுகிறீர்கள். ‘விதி இடம் தராது’ என்று நழுவுவீர்கள்.

விதி தருகிற இடத்தை நிறையப் பேர் பயன்படுத்துவதே இல்லை. மத்திய அரசின் 2006 சமுதாய வானொலிக் கொள்கை செய்தியையும் அரசியலையும் எங்களைப் போன்ற நிலையங்களுக்குத் தடுத்தது உண்மை. பிறகு அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்ப அனுமதி வந்தது. குடிநீர், மின்சாரம், வானிலை, பேரிடர் எச்சரிக்கை, தேர்வு முடிவு பற்றிய தகவலெல்லாம் செய்தியாகக் கருதப்படுவதில்லை. ‘இன்று தண்ணீர் வராது, லாரி இத்தனை மணிக்கு வரும்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதே நேயர்: ஏன் வரவில்லை என்று கேட்க முடியாதா?

குடிநீர் வாரிய இன்ஜினீயரை உட்கார வைத்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து உங்கள் தெருக்குழாய் வரைக்கும் தண்ணீர் வரும் வழியைச் சொல்லச் சொல்லலாம். எங்கே அடைப்பு என்பது அவர் வாயிலேயே வரும்.

இன்னொருவர்: அது மழுப்பல். வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்கள்.

கூப்பிட்டால் எதிர்க்கட்சிக்காரரும் நேரம் கேட்பார், நியாயம்தான். அப்புறம் ஒரு மணி நேரமும் ‘உங்கள் ஆட்சியில்’, ‘எங்கள் ஆட்சியில்’ என்றே போகும், குழாயில் காற்றுதான் வரும். அதோடு, ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் 3 மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. புகார் வந்தால் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள், உரிமம் போனால் ஊருக்கே வானொலி இல்லை. பயமா என்றால், ஆமாம், கொஞ்சம். ஆனால் இன்ஜினீயரிடம் ஒரு தேதியை வாங்கி அதை ஒலிபரப்பில் சொல்ல வைத்தால், அந்தத் தேதிக்கு மறுநாள் அவரையே திரும்பக் கூப்பிடலாம். கவுன்சிலரிடம் எனக்கு அந்தப் பிடி கிடைத்ததில்லை.

முதல் நேயர்: இன்ஜினீயர் வராவிட்டால்?

உங்கள் தெருவிலிருந்து குடத்தோடு நாலு பேர் வரட்டும். தண்ணீர் வராத வீட்டில் ஒன்பது நாள் எப்படிச் சமைத்தீர்கள், குளித்தீர்கள், என்ன செலவானது என்று சொல்லுங்கள். தலைவர்கள் பெயரோ கட்சிப் பெயரோ வேண்டாம்.

கே: பாட்டு மட்டும் போட்டால் போதாதா?

போதும் என்கிறவர்களுக்கு நிறைய நிலையங்கள் இருக்கின்றன.

கே: நான் ஊக்கப் பேச்சாளர்...

ஒரே வரி. கவிஞர், யோகா ஆசிரியர், நீங்கள், இனி வரப்போகிறவர்கள் எல்லாருக்கும் அதேதான்.