லிங்கன் கான்டினென்டல்: 1961-ஆ, 1964-ஆ?

லிங்கன் கான்டினென்டல் என்ற பழைய அமெரிக்கக் காரை வாங்கப் போகிறீர்கள். விற்பவர் 1961 மாடல் என்கிறார், உங்களுக்கு 1964-ஓ என்று சந்தேகம். முன்பக்கக் கம்பி வலையான கிரில்லை நம்பாதீங்க, அதைக் கழற்றி மாற்றிவிடலாம். முன்சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை டேப் பிடியுங்கள். 1961 முதல் 1963 வரை 123 அங்குலம், 1964-இல் 126. பின்சீட்டில் கால் நீட்ட இடம் போதவில்லை என்றுதான் அந்த 3 அங்குலத்தைக் கூட்டினார்கள், பின்கதவும் நீண்டது. சக்கரம் திரும்பியிருந்தால் அளவு பிசகும், இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள்.

அடுத்து பக்கக் கண்ணாடி. 1963 வரை வெளிப்புறமாக வளைந்திருக்கும், 1964-இல் தட்டை. இந்த வளைவுதான் அந்த வண்டிக்கே அழகு!

தயாரித்தபோதே வண்டியில் பொறித்த அடையாள எண்ணின் (நம்பர் பிளேட் எண் அல்ல) முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். 1 என்றால் 1961. அடுத்து வரும் 'ஒய்' (Y) எழுத்து, வண்டி தயாரான விக்ஸம் ஆலையைக் குறிக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரை வைத்து முடிவு செய்யாதீங்க. 1961, 62-இல் இரட்டைக் குழாய், 1963 முதல் நான்கு குழாய். ஆனால் இடையில் யாரும் மாற்றியிருக்கலாம்.