வாசகர் கேள்வி – பதில்: அலுவல் பயணத்துக்கு ஒரே கைப்பெட்டி

கேள்வி: பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஜனவரியில் டெல்லியில் இரண்டு நாள், அங்கிருந்து மும்பையில் இரண்டு நாள் என்று வாடிக்கையாளர் கூட்டங்கள் இருக்கின்றன. நான்கு நாளும் கோட், டை கட்டாயம். கைப்பெட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்வர முடியுமா? கோட்டைக் கசங்காமல் மடிப்பது எப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் மடிப்பதைப் பற்றி யோசிக்கும் முன், பெட்டியையும் துணியையும் பற்றி யோசிக்க வேண்டும். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணியின் கைப்பெட்டிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 7 கிலோவைத்தான் அனுமதிக்கின்றன. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகள் பலவும் வெறுமையாகவே 2.5 முதல் 3 கிலோ வரை இருப்பதால், ஒரு சட்டைகூட வைப்பதற்கு முன்பே அனுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடுகிறது. புதிதாக வாங்குவதாக இருந்தால், கடையிலேயே பெட்டியின் எடையைக் கேட்டு, 2 கிலோவுக்குள் இருப்பதை வாங்குங்கள்.

அடுத்தது துணி. ஜனவரியில் டெல்லி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். அதே மாதத்தில் மும்பைப் பகல் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கோட் தேவையில்லை. கோட்டுக்கென்று மெல்லியதாக நெய்யப்படும் கம்பளித் துணி காற்றை உள்ளே விடும். உடலின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியேற்றும். கம்பளி இழை இயல்பிலேயே சுருள் கொண்டது என்பதால், அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். இரவு முழுவதும் ஹேங்கரில் தொங்கவிட்டால் பெரும்பாலான சுருக்கங்கள் காலையில் இருக்காது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த டெரி ஊல் போதும். லினன் கோட் பார்க்க அழகுதான், ஆனால் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவதற்கு அதைவிட மோசமான துணி இல்லை. டெல்லிக் குளிருக்குச் சட்டைக்குள் அணியும் மெல்லிய தெர்மல் பனியன் ஒன்று போதும். மும்பையில் அது பெட்டியின் மூலையில் கிடக்கும்.

கருநீலத்தில் ஒரு கோட்டும் அதே துணியில் பேண்ட்டும், கூடவே சாம்பல் நிறப் பேண்ட் ஒன்றும் இருந்தால், டையை மாற்றிக் கட்டி நான்கு நாளையும் ஒப்பேற்றலாம். ஊர் மாறும்போது சந்திக்கும் ஆட்களும் மாறுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். டெல்லியில் உங்களைப் பார்த்தவர் மும்பையில் இருக்கப்போவதில்லை. கறுப்பு ஷூ ஒரு ஜோடி போதும். தோல் ஷூ ஏறக்குறைய ஒரு கிலோ வரும். அதைக் காலிலும் கோட்டை உடம்பிலுமாக அணிந்து சென்றுவிட்டால் மிகுந்த எடையுள்ள இரண்டும் பெட்டிக்குள் வராது. விமானத்தில் ஏறியதும் கோட்டைக் கழற்றிப் பெட்டித் தட்டில், மற்றவர் பெட்டிகளுக்குக் கீழே சிக்காதபடி கடைசியாக வையுங்கள்.

திரும்பி வரும்போது கோட்டை மடிக்க வேண்டியிருந்தால் இப்படிச் செய்யுங்கள். பைகளைக் காலி செய்துவிட்டு, இடது தோளை மட்டும் உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டுங்கள். பிறகு வலது தோளைப் புரட்டாமல் அப்படியே அந்த இடது தோளின் குழிக்குள் செருகுங்கள். இப்போது கோட் நீளவாக்கில் இரண்டாக மடிந்து, வழுவழுப்பான உள்துணி வெளியே வந்திருக்கும். தோள்பட்டையின் பஞ்சும் நசுங்காமல் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்ந்திருக்கும். இடுப்புப் பகுதியில் ஒரு பனியனையோ துண்டையோ உருட்டி வைத்து, அதன் மேல் கோட்டைப் பாதியாக மடக்கினால், மடிப்பு கூர்மையாக விழாது.

பருத்திச் சட்டைகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஈரமும் சூடும் சேரும்போது பருத்தி இழை இளகி, காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே இறுகிவிடுகிறது. இஸ்திரி போட்ட சூட்டோடு சட்டையைப் பெட்டியில் வைத்தால், பெட்டியே அதற்கு இன்னோர் இஸ்திரிப் பெட்டியாகிறது. முந்தைய இரவே தேய்த்து, நன்றாக ஆறும்வரை தொங்கவிட்டு, அதன் பிறகு மடியுங்கள். பெல்ட்டைச் சுருட்டிக் காலருக்குள் வைத்தால் காலர் படியாது. சட்டைகளில் ஒன்றை அணிந்து, மூன்றை எடுத்துச் சென்றால் போதுமானது.

கேள்வி: வங்கி அதிகாரியாக இருக்கிறேன். பயிற்சி, ஆய்வுக் கூட்டம் என்று அடிக்கடி வெளியூர் செல்ல வேண்டியிருக்கிறது. சேலை கட்டுவதே எனக்கு வசதி. மூன்று சேலை வைத்தாலே பெட்டி நிறைந்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: சேலையை விட ரவிக்கையும் பாவாடையும்தான் உங்கள் பெட்டியை நிறைக்கின்றன என்று நினைக்கிறேன். ஒரே நிறக் குடும்பத்தில் சேலைகளைத் தேர்ந்தெடுங்கள். அரக்கு, கறுப்பு என இரண்டு ரவிக்கைகளும் ஒரு கூடுதல் பாவாடையும் மூன்று சேலைக்கும் ஈடுகொடுக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை எனக்கும் மிகப் பிடித்ததுதான், ஆனால் மடிப்பின் கோடுகள் அதில் அப்படியே நிற்கும் என்பதால் பயணத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது. முறுக்கேறிய நூலில் நெய்த கிரேப், மைசூர்ப் பட்டு ஆகியவை எளிதில் கசங்குவதில்லை. கனமான காஞ்சிபுரப் பட்டோடு ஒப்பிட்டால் எடையும் மிகக் குறைவு.

நிறைவு நாள் விழாவுக்குச் சரிகைச் சேலை கட்டாயம் என்றால், சரிகை உட்புறம் வரும்படி மடித்து, மெல்லிய பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள். வாசனைத் திரவியக் குப்பியை அதன் அருகில் வைக்கவே வேண்டாம். அது கசிந்தால் சரிகை கறுத்துவிடும்.

கேள்வி: உள்நாட்டு விமானத்தில் பெட்டியை ஒப்படைத்து அனுப்ப 15 கிலோ வரை அனுமதி இருக்கும்போது எதற்கு இவ்வளவு சிரமம்?
– வாசகர், திருச்சி

பதில்: இறங்கிய அன்றே கூட்டம் இல்லையென்றால் ஒப்படைத்து அனுப்புவதில் தவறில்லை. ஆனால் வட இந்தியாவில் பனிமூட்டக் காலத்தில் விமானம் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பப்படுவதும் புதிதல்ல. பெட்டி ஓரிடமும் நாம் ஓரிடமுமாக நிற்க நேர்ந்தால், மறுநாள் காலைக் கூட்டத்துக்கு உடுத்திய உடையோடு போக வேண்டியிருக்கும். ஆகவே எத்தனை கிலோவை ஒப்படைத்தாலும், ஒரு நாளுக்கான முழு அலுவல் உடையும் கூட்டத்துக்குரிய ஆவணங்களும் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் அதை வைக்க அனுமதி இல்லை.