கோளாம்பியில் காப்பி

அன்புள்ள சார்,

பாறசாலையில் வீட்டோடு சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பூக்களைப் பார்த்துச் சாப்பாட்டு மேஜைக்குப் பாத்திரங்கள் செய்கிறேன். செம்பருத்திக் கிண்ணம், சங்குப்பூ ஸ்பூன், கோளாம்பிப்பூ கப். எல்லாவற்றிலும் கொஞ்சம் குறும்பு இருக்கும். என் மாமியார் கோளாம்பிக் கப்பில் மட்டும் காப்பி குடிக்க மாட்டேன் என்கிறார். டென்மார்க்கில் 1790-ல் தொடங்கிய, செடி கொடி பூக்களை வரைந்த ஃப்ளோரா டானிகா பீங்கான் தட்டுகளை இன்றும் கொண்டாடுகிறார்கள். நம்மவர்களுக்கு ஏன் அந்த ரசனை இல்லை? நான் செய்வது கலையா, வெறும் விளையாட்டா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி.

கேரளத்தில், பாறசாலையில் இருந்துகொண்டு கோளாம்பி என்றால் என்னவென்று எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவன் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்சில் துப்பும் பாத்திரம். எங்கள் ஆச்சியின் கட்டிலடியில் ஒன்று இருந்தது. பித்தளை. விரிந்த வாய், இறுகிய கழுத்து, கீழே குடம் போல வயிறு. வாய் விரிந்திருப்பது குறி தப்பாமலிருக்க, கழுத்து இறுகியிருப்பது உள்ளே கிடப்பது கண்ணில் படாமலிருக்க. புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்ப்பது என் வேலை. வீட்டில் என் கை மட்டும்தான் அந்தக் கழுத்துக்குள் நுழையும். உட்பக்கம் வெற்றிலைக் காவி கோடுகோடாகப் படிந்திருக்கும். வேலியில் படர்ந்த மஞ்சள் கோளாம்பிப்பூவின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் அங்கேயும் செங்காவிக் கோடுகள். பெயர் வைத்தவள் யாரோ, நல்ல கண்ணுள்ளவள்.

அது தென்னமெரிக்கச் செடி. லின்னேயஸ் அதற்கு அலமான் என்ற சுவிஸ் தாவரவியலாளரின் பெயரைச் சூட்டினார். இங்கே வந்ததும் எச்சில் பாத்திரமாகிவிட்டது. வெட்சிக்கு இட்லிப்பூ என்று பெயர். நீங்கள் பூவைப் பார்த்துப் பாத்திரம் செய்கிறீர்கள், நம்மவர்கள் பாத்திரத்தையும் பலகாரத்தையும் பார்த்துப் பூவுக்குப் பெயர் வைத்தார்கள். ரசனை இல்லையாம்! இப்படி ஒரு வரியை இனி எனக்கு எழுதாதீர்கள்.

ஃப்ளோரா டானிகாவை விடுங்கள், அது அரண்மனை விவகாரம். ஜெர்மனியின் மைசன் பட்டறைக்கு வாருங்கள். 1740 வாக்கில் சீனப் பீங்கானைப் பார்த்து மாதுளையும் பீச் பழமும் வரைந்தார்கள். பார்த்தவர்கள் வெங்காயம் என்றார்கள். இன்றைக்கும் அதற்கு வெங்காயக் கோலம் என்றுதான் பெயர், பட்டறைக்காரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் மாமியாரிடமும் உங்களால் முடியாது.

கொச்சியில் ஒரு ஹோட்டலில் மேஜை நடுவே பழைய கோளாம்பியில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிட்டிருந்தார்கள். பக்கத்து மேஜையில் அதை போட்டோ எடுத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அந்தச் செம்பருத்திக் கிண்ணம். நடுத்தண்டை நீட்டி மூடிக்குப் பிடியாக்கியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், அத்தனை அழகு. ஆனால் இதழ் ஆறு! வாசலில் செடியை வைத்துக்கொண்டு ஆறு போட எப்படி மனசு வந்தது? அடுக்குச் செம்பருத்தி என்று சமாளிக்க வேண்டாம். போய் எண்ணிப் பாருங்கள்.

கலையா விளையாட்டா என்பதையெல்லாம் விலை போடும்போது யோசித்துக்கொள்ளலாம். மாமியாருக்குப் பூ கீ எதுவும் இல்லாமல் ஒரு டம்ளர் செய்துகொடுங்கள். கோளாம்பிக் கப் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். நான் வெற்றிலை போடுகிறவன்.