எங்கிருந்து வந்தோம் என்று யார் சொன்னது?

வணக்கம்.

மனச்சோர்வைப் பற்றிய ஒரு தளத்தில் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த லிங்க்கைத் தட்டி மருந்து விற்கும் ஒரு தளத்துக்குப் போனேன். போனதுமே, நான் வந்த தளத்தின் பெயரைச் சொல்லி 'அதன் வாசகர்களுக்குச் சலுகை' என்று காட்டியது. அங்கே எனக்குக் கணக்கே கிடையாது. இன்காக்னிட்டோவில்தான் திறந்திருந்தேன். அப்படியும் எப்படித் தெரிந்தது? யாராவது என்னைக் கண்காணிக்கிறார்களா? பயமாக இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் போனுக்குள் யாரும் புகுந்துவிடவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கடைக்குத் தகவல் சொன்னது பெரும்பாலும் உங்கள் பிரவுசர்தான்.

லிங்க்கைத் தட்டியதும் பிரவுசர் அந்தத் தளத்தின் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கிறது. அப்படிக் கேட்கும்போது, நம் கண்ணுக்குத் தெரியாத சில வரிகளையும் சேர்த்து அனுப்பும். இவைதான் ஹெடர்கள். எந்தப் பிரவுசர், எந்த மொழியில் பக்கம் வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும் அந்த வரிகளில் 'ரெஃபரர்' என்று ஒன்று உண்டு. லிங்க் இருந்த பக்கத்தின் முகவரி அதில் போகும். உங்கள் பெயர் அதில் இல்லை. முகவரியை நீங்களே டைப் செய்தாலோ, புக்மார்க்கிலிருந்து திறந்தாலோ அந்த வரியே போகாது. இன்காக்னிட்டோ இதைத் தடுப்பதில்லை. பார்த்த பக்கங்களின் பட்டியலையும் குக்கிகளையும் மூடியதும் அழிப்பதுதான் அதன் வேலை. ஹெடர்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்.

இது திருட்டுத்தனமாகப் புகுத்தப்பட்டதும் அல்ல. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். 1996இல் வெளியான அதன் 1.0 ஆவணத்திலேயே இது இருக்கிறது. தன்னை யார் சுட்டுகிறார்கள் என்று ஒரு தளம் அறியவும், பழசாகிப்போன லிங்க் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப்பிடித்துத் திருத்தவும் இது உதவும் என்றது அந்த ஆவணம். நல்ல நோக்கம்தான். ஆனால் வந்த இடம் அந்தரங்கமாக இருக்கலாம், ஆகவே இதை அனுப்புவதா வேண்டாமா என்று பயனரே தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும் என்றும் அதே இடத்தில் அழுத்தமாகப் பரிந்துரைத்தது. இன்றைக்கும் நாம் அதிகம் பயன்படுத்தும் பிரவுசர்களில் அந்தச் சுவிட்ச் கண்ணில் படும் இடத்தில் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நீங்கள் லிங்க்கைத் தட்டினீர்கள், சரி. எதையுமே தட்டாவிட்டாலும் இந்த வரி போகும் என்பதுதான் இதைவிடக் கவலைக்குரியது. ஒரு பக்கத்தில் விளம்பரமோ, வேறொரு தளத்தின் படமோ, வருகையாளர்களைக் கணக்கிடும் நிரலோ இருந்தால், பக்கம் திறக்கும்போதே பிரவுசர் அந்தந்த சர்வரிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ரெஃபரர் போகிறது.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் விஷயத்தில் 2015 ஜனவரியில் வெளியே வந்தது இதுதான். அங்கே படிவத்தில் நிரப்பிய விடைகள் பக்கத்தின் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் வரிசையாக நின்றன: வயது, அஞ்சல் குறியீடு, வருமானம், புகைபிடிப்பவரா, கர்ப்பிணியா. அந்தப் பக்கத்தில் வெளி நிறுவனங்களின் விளம்பர, கணக்கெடுப்பு நிரல்களும் இருந்தன. முகவரி முழுசாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தி வெளியானதும் தளம் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டது. தனிப்பட்ட விவரத்தை முகவரியில் எழுதி வைப்பது, தபால் உறையின் மேலேயே கடிதத்தை எழுதுவது மாதிரி. தளத்தைக் கட்டுகிறவர்கள் செய்யும் இந்தப் பிழைக்கு நம்மைப் போன்றவர்கள் விலை கொடுக்கிறோம்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலாம். 2020இல் குரோமும் 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் இயல்பு அமைப்பை மாற்றின. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும்போது தளத்தின் பெயர் மட்டும் போகும். எந்தக் கட்டுரை என்பது போகாது. முழு முகவரியும் அதே தளத்துக்குள் நடமாடும்போதுதான். ஆகவே அந்தக் கடைக்குத் தளத்தின் பெயர் மட்டுமே கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பெயர் ஒன்றே போதுமே! மனச்சோர்வு, விவாகரத்து, குடிநோய், எச்.ஐ.வி. என்று ஒரே விஷயத்துக்கான தளமாக இருந்தால், பெயரைச் சொன்னாலே பாதிக் கதையைச் சொன்ன மாதிரி. இத்தகைய தளங்கள், ரெஃபரரை அனுப்பவே வேண்டாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் 'நோ-ரெஃபரர்' என்ற கொள்கையை வைக்காமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சாத்தியமும் உண்டு. அந்த இரண்டு தளங்களுக்கும் இடையே சலுகை ஒப்பந்தம் இருந்தால், லிங்க்கின் முகவரியிலேயே ஓர் அடையாளக் குறியைச் சேர்த்திருப்பார்கள். அதற்கும் ரெஃபரருக்கும் சம்பந்தமில்லை. லிங்க்கை அழுத்திப் பிடித்து, முகவரியை நகலெடுத்து ஒரு குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு அந்தத் தளத்தின் பெயரோ, புரியாத எழுத்துக் கோவையோ இருந்தால் அதை நீக்கிவிட்டு, மீதியைப் புதிய டேபில் ஒட்டித் திறங்கள். சில பக்கங்கள் அப்படித் திறக்காது, பெரும்பாலானவை திறக்கும். இப்படி ஒட்டித் திறந்தால் ரெஃபரரும் போகாது.

அந்த மனநலத் தளத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். 'நோ-ரெஃபரர்' வைப்பது அவர்களுக்கு ஒரே ஒரு வரி வேலை. உங்கள் பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தளத்தின் முகவரியை மட்டும் அனுப்புங்கள், நானே எழுதிக் கேட்கிறேன்.