வாசகர் கேள்வி: புகாருக்கு ஒரு டோக்கன்

கேள்வி: சார், எங்க வளாகத்துல பிரைமரியிலேருந்து பிளஸ் டூ வரைக்கும் மூணு பில்டிங், கம்ப்யூட்டர் வேலை பாக்குறது நானும் ஒரு தம்பியும்தான். புரொஜெக்டர் ஓடல, பிரிண்டர் மக்கர் பண்ணுது, பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு எல்லாமே வாட்ஸ்அப் குரூப்புலதான் வருது, குட்மார்னிங் படத்துக்கு நடுவுல மறைஞ்சுபோய் நாலு நாள் கழிச்சு ஹெச்எம் கூப்பிட்டு கேக்குறாங்க. டிக்கெட் சாஃப்ட்வேர் போடலாம்ங்கிறாங்க, எது நல்லது?
- கம்ப்யூட்டர் டீச்சர், மண்டபம்

பதில்: டீச்சர், ராமேஸ்வரத்துல போட் கடலுக்குப் போகணும்னா மீன்துறைகிட்ட டோக்கன் வாங்கித்தான் போகுது, எந்த போட் போச்சு எது திரும்பலைன்னு அத வச்சுத்தான் தெரியும். டிக்கெட்டும் அதேதான், ஒரு புகாருக்கு ஒரு நம்பர், அது முடியுற வரைக்கும் கணக்குல நிக்கும்.

உங்களுக்கு நான் சொல்றது ஜிஎல்பிஐ (GLPI)ங்கிற டிக்கெட் சாஃப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ், காசு இல்ல. காசு இல்லங்கிறதுக்காக மட்டும் சொல்லல, இதுல ஒவ்வொரு மெஷினையும் பதிஞ்சு வச்சு டிக்கெட்ட அந்த மெஷினோடயே சேத்துக்கலாம், நம்ம கரைக்கு அதுதான் முக்கியம். உப்புக்காத்துல நெட்வொர்க் கேபிள் முனை பச்சை பூத்துப்போகும், போர்டுல துரு ஏறும், இன்னைக்கு சரி பண்ணா அடுத்த மாசம் அதே மெஷின்தான் திரும்ப நிக்கும். நான் இந்தப் பக்கம் ஒரு ஸ்கூல்ல வேலை பாத்தப்ப கடல பாத்த ஜன்னல் ஓரத்து மெஷினுக்கே திரும்பத் திரும்ப எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு கரண்ட் குடுக்குற பெட்டிய மாத்திக்கிட்டு இருந்தோம், யாரும் எழுதி வைக்காததால அது ரொம்ப நாள் எங்க கண்ணுலயே படல. பட்டதும் மேஜைய உள்பக்கம் தள்ளிப் போட்டோம், அவ்வளவுதான் வேலை. மனசு கேக்கல டீச்சர், அந்தக் காசுக்கு பிள்ளைங்களுக்கு ரெண்டு மெஷின் வாங்கியிருக்கலாம்.

பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல லினக்ஸ் போட்டு ஏத்திக்கோங்க, அது ஓடுறதுக்கு பிஎச்பியும், டேட்டாபேஸுக்கு மரியாடிபியும் போதும். மூணு பில்டிங்கும் ஒரே லோக்கல் நெட்வொர்க்குல இருந்தா இன்டர்நெட் போனாலும் டீச்சருங்க புகார் பதியலாம், ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கிறப்ப இதோட அருமை தெரியும். அந்த மெஷினுக்கு யுபிஎஸ் கட்டாயம்.

ஓஎஸ்டிக்கெட்னு (osTicket) இன்னொரு சாஃப்ட்வேர், அதுவும் ஃப்ரீதான், போடுறதும் சுலபம், மெயில் அனுப்பினாலே டிக்கெட் ஆயிடும், ஆனா மெஷின் கணக்கு அதுல வராது. சர்வர் பாக்க எங்களுக்கு நேரமே இல்லன்னா இன்டர்நெட்லயே ஓடுற ஜோஹோ டெஸ்க் பாருங்க, நம்ம சென்னை கம்பெனி, நீங்க ரெண்டு பேர்தானே, ஃப்ரீ பிளான் கிடைக்குதான்னு அவங்க சைட்ல பாத்துக்கோங்க. நெட் இல்லாத அன்னைக்கு மட்டும் கை கட்டி நிக்கணும்.

எத எடுத்தாலும் ஃபாரத்த சின்னதா வைங்க. பீரியட் நடுவுல நிக்கிற டீச்சர் இருபது கட்டம் நிரப்ப மாட்டாங்க, ரூம் நம்பர், மெஷின் மேல ஒட்டுன நம்பர், என்ன கோளாறு, மூணே போதும். அவசரமா இல்லையாங்கிறத நீங்க முடிவு பண்ணுங்க, பிராக்டிகல் எக்ஸாம் அன்னைக்கு லேப் புகார்தான் முதல்ல. டிக்கெட்ட மூடுறப்ப என்ன பண்ணீங்கன்னு ஒரு வரி எழுதாம மூடாதீங்க.

ஹெச்எம்கிட்ட சொல்லி முதல் நாளே ஒரு சர்க்குலர் போட வைங்க, குரூப்புல வர்ற புகாருக்கு "நம்பர் போட்டுட்டீங்களா"ன்னு மட்டும் கேளுங்க. அப்புறம் டேட்டாபேஸ தினமும் பேக்கப் எடுத்து ஒரு காப்பிய வேற பில்டிங் மாடியில வைங்க, ஐப்பசி புயல் மழைக்கு முன்னாடியே இத முடிச்சிடுங்க.